எர்சுலியின் கட்டில்

வியாழக்கிழமைகளில் கிளெர்னீஸ் சீக்கிரம் கடையைக் கட்டமாட்டாள். பெத்தி-கொவாவ் சந்தையில் எல்லோரும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகும், அவள் மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டு, வாங்க ஆளில்லாத வாழைக்காய்த் துண்டுகளை எண்ணெயில் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கரிக்கடை என்னுடையது. அவளுடைய கடைசிப் பெண்ணுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் 'கொமே' என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

"வீட்டுக்குப் போடி கொமே" என்பேன்.

"போயி? என் வீட்டுக் கட்டில்ல இன்னிக்கு வேற ஒருத்தி படுக்கணும்" என்பாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நமக்குத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளத் தோன்றும்.

அவள் புருஷன் டெரியூஸ் மாதா கோயில் தெருவில் சலூன் வைத்திருந்தான். நல்ல கைக்காரன். பேச்சு குறைவு. ஒரு வருஷம் திடீரென்று அவனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நிற்கவில்லை. கத்தி பிடிக்கிற கை நடுங்கினால் எவன் கழுத்தைக் கொடுப்பான்? கடைசியில் மாம்போ அதேலியாவிடம் போனான். எங்கள் பக்கத்தில் சாமிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவைக்கிற அம்மாள் அவள். அவள் குறி பார்த்து, "எர்சுலி உன்மேல கண்ணு வெச்சிருக்கா. கட்டிக்கோ. கை நின்னுடும்" என்றாள்.

எர்சுலி சாமிகளில் அழகி. வாசனைத் தைலமும் ரோஜா நிறப் பட்டும் கேக்கும் இல்லாமல் எங்கும் வரமாட்டாள். மாம்போ வீட்டு முற்றத்தில் கல்யாணம் நடந்தது. முக்காடு போட்ட ஒரு பெண்மேல் எர்சுலி இறங்கி நிற்க, டெரியூஸ் மோதிரம் மாற்றினான். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். விருந்துக்கு வாழைக்காய் வறுத்தது யார் என்கிறீர்கள்? கிளெர்னீஸ்தான். அவனுக்கு மூன்று பிள்ளை பெற்றவள். ஊரில் பாதிப் பேரைப்போல இவர்களும் பதிவு, மோதிரம் எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள்தான். தன் புருஷனுக்கும் ஒரு சாமிக்கும் நடக்கிற கல்யாணத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றாள். கேக்கில் ஒரு துண்டை யாரோ அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கித் தின்றாள்.

டெரியூஸின் கை நின்றுவிட்டது. அதற்கு விலைதான் வியாழக்கிழமை. அன்று அவன் தனி அறையில் ரோஜா நிற விரிப்புப் போட்டு, துளசி மணக்கும் தண்ணீரில் குளித்து, தைலம் தெளித்து, எர்சுலிக்காகப் படுப்பான். அந்த அறையில் அன்றைக்கு விளக்கு ஏற்றக் கூடாது. அவளுடைய சோப்பையும் சீப்பையும் தைலக் குப்பியையும் யாரும் தொடக் கூடாது. கிளெர்னீஸும் பிள்ளைகளும் கூடத்தில் பாய் போட்டுக்கொள்வார்கள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்று மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை அவன், "உன் துணியை அந்த அறையில மாட்டாதே. எண்ணெய் வாடை அடிக்குது. அவளுக்குப் பிடிக்கலையாம்" என்று சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு கிளெர்னீஸ் தினமும் வீட்டுக்குப் போகுமுன் எலுமிச்சைத் தோலால் கையையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்வாள். யாரும் பார்க்காதபோது தோளைத் திருப்பி மோந்து பார்ப்பாள். சந்தைப் பெண்கள் விடுவார்களா? "ஏய் கிளெர்னீஸ், உன் சக்களத்தி வாசனையா வர்றா, நீ வறுவலா வர்றே! அவன் எதைத் தின்பான்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் நெஞ்சில் பெயர் அட்டையுமாக இரண்டு பையன்கள் சந்தைக்கு வந்தார்கள். வடக்கே கப்-ஆயிசியன் பக்கத்துப் பிள்ளைகள். மோர்மோன் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர்கள். கிளெர்னீஸ் கடையில் வறுவல் வாங்கினார்கள். காப்பி கொடுத்தாள், தங்கள் சபையில் அது ஆகாது என்று தண்ணீர் கேட்டார்கள். அந்த வெயிலில் கழுத்துப்பட்டையைத் தளர்த்தாமல் நின்று, தங்கள் சபையில் புருஷனும் பெண்டாட்டியும் சாவோடு பிரிவதில்லை, மறுமையிலும் சேர்ந்தே இருப்பார்கள் என்று சொன்னார்கள்.

கிளெர்னீஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க சபையில ஒரு ஆம்பளைக்கு எத்தனை பொண்டாட்டி?"

"ஒருத்திதான் அம்மா."

"செத்த பிறகு?"

"அப்பவும் அவளேதான்."

"சாமிங்க யாரும் நடுவுல வரமாட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர்களுக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. மூத்தவன் யோசித்து, "ஞானஸ்நானம் எடுக்கணும்னா முதல்ல சட்டப்படி கல்யாணம் பதிவு பண்ணணும். வேற எந்தக் கட்டும் இருக்கக் கூடாது" என்றான்.

அவர்கள் போன பிறகு நான், "மீசை முளைக்காத பயலுகளுக்கு மூப்பர்னு பேரு வெச்சிருக்காங்க. இவனுங்க பேச்சைக் கேட்டு எங்கேயாவது போயிடாதே" என்றேன். அவள் காதில் விழவில்லை. அவள் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. சபையில் சேர்ந்தால் பதிவுக் கல்யாணம். கல்யாணமானால் மோதிரம். எர்சுலி வெளியே.

டெரியூஸை இழுத்துப்போகப் பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தாள். அவன் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தொல்லை தாங்காமல்தான் போனான். இரண்டாவது ஞாயிறு தானாகவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். அங்கே யாரும் கத்துவதில்லை, ஆடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனதில் இருப்பதைச் சொல் என்கிறார்கள். பேசாத மனுஷனுக்கு அது பிடித்துப்போயிற்று. சாராயத்தை விட்டான். காப்பியை விட்டபோது மூன்று நாள் தலைவலியில் துடித்தான், அப்படியும் தொடவில்லை. சலூனில் ஆள் இல்லாதபோது அவர்கள் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பான். கிளெர்னீஸுக்கு முதல் வெட்கம் அப்போதுதான் வந்தது. "கொமே, நான் சக்களத்தியை விரட்டப் போனேன். அவன் நிஜமாவே கடவுளைத் தேடிப் போறான்" என்று என்னிடம் சொன்னாள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். மோதிரத்தைக் கடலில் எறிந்துவிடச் சொன்னார்கள் மூப்பர்கள். டெரியூஸ் தலையாட்டவில்லை.

"கை நடுக்கத்தை நிறுத்தினவ அவ. சொல்லாம கொள்ளாம விட்டுட்டு ஓடினா நான் என்ன மனுஷன்? வியாழக்கிழமை அவகிட்டச் சொல்லிட்டு, விடைவாங்கிட்டு வர்றேன்."

அந்த வியாழக்கிழமை நடந்ததைக் கிளெர்னீஸ் எனக்குச் சொன்னது சில வாரங்களுக்குப் பிறகு. அன்று முதல்முறையாக அவள் சீக்கிரம் கடையைக் கட்டினாள். இதுதான் கடைசி வியாழன் என்ற சந்தோஷம். வீட்டில் டெரியூஸ் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான், பிள்ளைகள் தெருவில். எர்சுலியின் அறைக் கதவு திறந்திருந்தது. சும்மா பார்க்கத்தான் உள்ளே போனாள். இத்தனை காலம் தான் தொடாத விரிப்பைத் தொட்டாள். தைலக் குப்பியைத் திறந்தாள். ஒரு சொட்டு கழுத்தில் வைத்தாள். பிறகு கையில், மார்பில், தலைமுடியில் என்று பாதிக் குப்பியைக் கொட்டிக்கொண்டாள். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். மெத்தை அவர்களுடையதைவிட மெத்தென்று இருந்தது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. எழுந்து ஓட நேரமில்லை. ரோஜா நிறப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

வெளியே பொழுது சாய்ந்து அறைக்குள் இருட்டு கட்டியிருந்தது. டெரியூஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். தைல வாசனை அவன் மூக்கில் ஏறியிருக்கும். கட்டிலில் ஓர் உருவம். இத்தனை வருஷத்தில் எர்சுலி கனவில் வந்திருக்கிறாளே தவிர இப்படி வந்ததில்லை. அவன் மெதுவாக மண்டியிடுவது அவளுக்குக் கேட்டது.

"எசமானி," என்றான். "நான் கேட்கப்போறது உனக்குத் தெரிஞ்சுதான் வந்திருக்கே."

'நான்தான்' என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்து முடிந்திருக்கும், அல்லது சண்டை போட்டு முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. சக்களத்தியிடம் புருஷன் என்ன பேசுவான் என்று கேட்க ஆசை வந்துவிட்டது.

"நீ எனக்கு ஒரு குறையும் வெக்கலை. கிளெர்னீஸை ஒண்ணும் செஞ்சிடாதே. கோபம்னா என்மேல காட்டு. உன் கல்யாணத்துக்கு அவதான் வாழைக்காய் வறுத்தா. அன்னிக்கு அவ மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுக்கப்புறமும் வரலை." முழங்காலிலேயே கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். "எண்ணெய் வாடை உனக்குப் பிடிக்கலைன்னு அவகிட்டச் சொன்னேனே, அது நீ சொன்னதில்லை. நானாச் சொன்னது. அவ பக்கத்துல படுத்தா எனக்குக் கூசும். மூணு பிள்ளை பெத்துக் கொடுத்தவளுக்கு ஒரு மோதிரம் போடாதவன், தூங்குறாப்பல நடிச்சிட்டுக் கிடப்பேன். வியாழக்கிழமையாவது அவ கண்ணுல படாம இருக்கலாமேன்னு உன் பேரைச் சொல்லி ஒளிஞ்சுக்கிட்டேன். என்னை விட்டுடு எசமானி. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கணும்."

போர்வைக்குள் கிளெர்னீஸுக்கு அழுகை வெடித்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: எர்சுலி எங்கே இறங்கினாலும், புறப்படும்போது அழுதுவிட்டுத்தான் போவாள். டெரியூஸ் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்தான். "விட்டுட்டே. எனக்குத் தெரியுது, விட்டுட்டே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மோதிரத்தைக் கழற்றி அவள் காலடியில் வைத்துவிட்டு, முதுகு காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து வெளியே போனான்.

அவள் ஜன்னல் வழியாக இறங்கிக் கொல்லையில் போய்த் துணி துவைக்கிற சோப்பால் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். தைலம் எளிதில் போகவில்லை.

அடுத்த வாரம் பதிவாளர் முன்னால் கல்யாணம். நான் சாட்சி. டெரியூஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான், சொன்னபடியே. அவள்தான் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணப்பெண்ணின் நாணம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். பிறகு கடலில் இருவருக்கும் ஞானஸ்நானம். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவன் முகம் கழுவிவைத்த தட்டுபோல் இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள். அன்று பிரசங்கம் கிடையாது. மனம் தூண்டியவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். கிளெர்னீஸ் கூப்பிட்டாள் என்று நானும் போயிருந்தேன். கடைசி பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி பிள்ளையின் காய்ச்சல் போனதைச் சொன்னாள். ஒருவர் வேலை கிடைத்ததைச் சொன்னார். பிறகு டெரியூஸ் எழுந்தான். அவன் பத்துப் பேர் முன்னால் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கடவுள் எவ்வளவு பெரியவர்னு சொல்ல வந்தேன்," என்றான். "நான் எர்சுலியைக் கட்டினவன். அவகிட்டப் போயி விடைகேட்டேன். அவ வந்தா. என் கண்ணு முன்னாடி கட்டில்ல படுத்திருந்தா. அழுதா. அழுதுட்டு என்னை விட்டுட்டா. ஆண்டவர் அவ மனசையே இளக்கிட்டார்."

கூடத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு காலத்தில் ஏதாவது ஒரு மூலையில் ஏதாவது ஒரு சாமிக்கு மெழுகுவர்த்தி எரிந்ததுதான். சபையின் எங்கள் ஊர்க் கிளைத் தலைவர் பெல்ஃபோர், பள்ளிக்கூட வாத்தியார், அவருடைய அம்மாவே மாம்போ அதேலியாவின் முற்றத்தில் சாமிச் சடங்குகளுக்குக் கொடி பிடித்தவள். எல்லோரும் தங்கள் வீட்டு அழுக்குத்துணியை யாரோ நடுக்கூடத்தில் விரித்துவிட்டதுபோல் நெளிந்தார்கள். பெல்ஃபோர் அவசரமாக எழுந்து பாட்டு எண்ணைச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது. டெரியூஸுக்கு இன்னும் சொல்ல இருந்தது. வாயைத் திறந்தபடி கொஞ்சநேரம் நின்று, பிறகு உட்கார்ந்தான். பக்கத்தில் கிளெர்னீஸ். அவள் பாடவில்லை. தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்தெல்லாம் வியர்வை.

கூட்டம் முடிந்ததும் பெல்ஃபோர் டெரியூஸைத் தனியே கூப்பிட்டு, நீ பார்த்தது சாத்தான் காட்டிய மாயம், அதை இனிமேல் வெளியே சொல்லாதே என்று தன்மையாகத்தான் சொன்னார். சபைப் பெண்கள் கிளெர்னீஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கையைக் கொடுக்காமல் போனார்கள்.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? திங்கட்கிழமைக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. சலூன் வாசலில் பையன்கள் நின்றுகொண்டு, "டெரியூஸ் மாமா, எசமானி அழுதாளாமே, கண்ணைத் துடைக்க ஷேவிங் துண்டைக் கொடுத்தியா?" என்று கத்தினார்கள். சபைக்காரர்களுக்கு அவன் பேயோடு பேசுகிறவன். மற்றவர்களுக்குச் சபைக்கு ஓடிய பைத்தியம். அவன் மட்டும் அசையவில்லை. "அவங்க நம்பாட்டா என்ன? அவ அழுததைக் கேட்டவன் நான்" என்பான். தினமும் சாப்பாட்டுக்கு முன் அவளைப் பக்கத்தில் மண்டியிடவைத்து, "எர்சுலியோட மனசை இளக்கினதுக்கு நன்றி ஆண்டவரே" என்று ஜெபிப்பான். கிளெர்னீஸுக்கு ஆமென் சொல்ல நாக்கு எழாது. பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்போதுதான் அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கரி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அதை அடக்கிக்கொண்டேன்.

"சொல்லாதே கொமே. ஊரே அவனைப் பைத்தியம்னுது. இப்ப நீயும் போயி, அது நான்தான்டான்னு சொன்னா அவன்கிட்ட என்ன மிஞ்சும்?" என்றேன்.

"ஊரு அவனைப் பார்த்துச் சிரிக்குது. சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்து" என்றாள்.

மறுநாள் மத்தியானம் சலூனுக்குச் சோறு எடுத்துப்போனபோது சொல்லிவிட்டாள். ஆள் யாரும் இல்லை. டெரியூஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடித்ததும், வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"எண்ணெய் வாடை?"

"அதையும்தான்."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப அவ என்னை விடலை."

கிளெர்னீஸ் இதை யோசித்ததே இல்லை. எர்சுலி வரவில்லை என்றால், விடையும் கொடுக்கவில்லை. அவன் இன்னும் அவள் புருஷன்தான். மனைவி இருக்கும்போதே பதிவாளர் முன்னால் இன்னொருத்தியைக் கட்டியிருக்கிறான். ஆண்டவர் சபையில் எழுந்து நின்று நடக்காததை நடந்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறான். அன்றே மோதிரத்தைத் தேடியெடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. "இரண்டு பொண்டாட்டிக்காரன் எந்த முகத்தோட சபையில குடுக்கிற அப்பத்தைத் தொடுவான்?" என்றான்.

வியாழன் வந்தது. ரோஜா நிற விரிப்பைக் கிளெர்னீஸே எடுத்து உதறிப் போட்டாள். தன் பதிவுக் கல்யாண மோதிரம் போட்ட கையாலேயே தலையணையைத் தட்டிவைத்தாள். இரவு கூடத்தில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு, வா, வந்து அவனை விட்டுத்தொலை என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் வேண்டினாள் என்று கேட்டேன். "அதைக் கேட்காதே" என்றாள். எர்சுலி வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் டெரியூஸின் வலது கை நடுங்கத் தொடங்கியது. ஒரு கிழவரின் காது மடலில் கத்தி பட்டு ரத்தம் வந்தது. சலூன் பெஞ்சு காலியாயிற்று.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. சபைக்குப் போகும் அதே நீளப் பாவாடையோடு மாம்போ அதேலியா வீட்டு வாசலில் போய் நின்றாள். துணைக்கு நான்.

"யாரு? வெள்ளைச் சட்டைக்காரங்க வீட்டம்மாவா?" என்றாள் மாம்போ, அவரைக்காய் உரித்துக்கொண்டே. "நாற்காலி போடுங்கடி. தண்ணி கொடுங்க. காப்பி கொடுத்துடாதீங்க, பாவம் ஒட்டிக்கும்."

கிளெர்னீஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாம்போவின் கை நின்றது.

"அவ தைலத்தைப் பூசிக்கிட்டு, அவ கட்டில்ல படுத்து, அவ அழுகையை அழுதியா?"

"ஆமாம்மா."

"இதை என்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்டச் சொல்லு. சனிக்கிழமை மத்தியானம் அவளுக்குப் படையல் இருக்கு. அவனையும் கூட்டிட்டு வா."

சனிக்கிழமை முற்றம் நிறையக் கூட்டம். சந்தைப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான். எர்சுலி இறங்கியது யார்மேல் என்கிறீர்கள்? மீன்காரன் லெக்லேர்மேல். தூண்போல் ஆள், தாடி வேறு. மேளம் மாறியதும் அவன் தோள் துவண்டது, இடுப்பு அசைந்தது, விரல் நுனியால் முக்காடு கேட்டான். முகத்தில் மாவு பூசி, ரோஜா நிறத் துணி போர்த்தி, தைலம் தெளித்தார்கள். மீன் நாற்றத்தை யாரும் நினைக்கவில்லை. அவன் நடந்த நடையில் எங்களைப் போன்ற பெண்களுக்கு எங்கள் கைகால்களை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

எர்சுலி ஆண்களிடம் கொஞ்சினாள், கேக்கை விரலால் தொட்டு நக்கினாள். பிறகு டெரியூஸ் முன்னால் வந்து நின்றாள். அவன் மண்டியிட்டு, "விடை கொடு எசமானி" என்றான். அவள் அவனுடைய நடுங்கும் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். தன் சுண்டுவிரலை அவன் சுண்டுவிரலில் கோத்து ஒருமுறை இழுத்துவிட்டாள். மனக்குறை இல்லை என்று எர்சுலி காட்டுவது அப்படித்தான்.

அப்போது கிளெர்னீஸ் முன்னால் வந்தாள். மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, உரத்த குரலில், "உன் கட்டில்ல படுத்தது நான்தான். அழுததும் நான்தான். அவன் பொய் சொல்லலை" என்றாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி. சிரிப்பு முற்றத்தைச் சுற்றி ஓடியது. கிளெர்னீஸ் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

எர்சுலி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தாள். கொஞ்ச தூரம் போய், வழக்கம்போல அழ ஆரம்பித்தாள். லெக்லேரின் தாடியெல்லாம் நனைந்தது. கிளெர்னீஸின் விரல் அப்படியே நீண்டு இருந்தது. நான்தான் போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். 'அடிச்சவன் மறப்பான், தழும்பு சுமக்கிறவன் மறக்கமாட்டான்' என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு. சாமிக்கும் அது பொருந்தும் என்று அன்று பார்த்தேன்.

செய்தி அன்று சாயங்காலமே பெல்ஃபோருக்கு எட்டிவிட்டது. ஞாயிறு கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தார். டெரியூஸ் எதையும் மறைக்கவில்லை. மாம்போ முற்றத்துக்குப் போனதையும் சொன்னான். பெல்ஃபோர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார். கண்டிப்பார் என்று நினைத்தார்கள். "அன்னிக்கு நீ பேசுறப்ப எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றார். "அதான் பாட்டை ஆரம்பிச்சேன். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கலாம்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொஞ்சநாள் பொறுங்க. சபைக்கு மட்டும் வந்துட்டே இருங்க" என்றார்.

போனார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பத் தட்டு வரும்போது தொடாமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டார்கள், தொடலாம் என்று பெல்ஃபோர் சொல்கிறவரை. டெரியூஸின் கை முழுக்க நிற்கவில்லை. முடிவெட்டுவான், கத்தி எடுத்தால் மட்டும் நடுங்கும். கத்தி வேலைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டான். சந்தைப் பெண்கள் ரொம்ப நாள் கிளெர்னீஸை 'எசமானி' என்றே கூப்பிட்டார்கள். "எசமானி, ரெண்டு வாழைக்காய் வறுவல்!" அவள் மடித்துக் கொடுப்பாள். எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சபையார் எல்லோருமாகப் பஸ் பிடித்து, எல்லை தாண்டி, சாண்டோ டொமிங்கோவில் இருக்கும் அவர்களுடைய பெரிய ஆலயத்துக்குப் போனார்கள். மறுமைக்கும் சேர்த்துக் கணவன் மனைவியை அங்கேதான் கட்டிவைப்பார்களாம். திரும்பி வந்ததும் கிளெர்னீஸ் கடையைத் திறந்தாள். நான் கரியை அளந்துகொண்டே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அங்க நடந்ததையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது கொமே. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த அறையில எதிரெதிரே ரெண்டு பெரிய கண்ணாடி. நடுவுல நம்மளை நிக்கவெச்சுப் பார்க்கச் சொல்றாங்க. நீயும் உன் புருஷனும், அதுக்குப் பின்னாடி நீங்க ரெண்டு பேரும், அதுக்குப் பின்னாடியும் நீங்களே. முடிவே இல்லாம போகுது. டெரியூஸ் குழந்தை மாதிரி சிரிச்சிட்டு நின்னான். எனக்கு என் மூஞ்சியைப் பார்க்க முடியலை. எங்க திரும்பினாலும் நான்தான் நிக்கிறேன். தரையைப் பார்த்துட்டேன்."

"நீ கேட்டது கிடைச்சிடுச்சேடி. இனிமே அவன் உனக்கு மட்டும்தானே?"

"ஆமா," என்றாள். எண்ணெயில் துண்டுகளைப் போட்டாள். சத்தம் அடங்கியதும் திருப்பிவிட்டாள். "பஸ்ல வர்றப்ப என் தோள்ல சாய்ஞ்சு தூங்கினான். நிஜமாத்தான் தூங்கினான், குறட்டை விட்டான். எந்திரிச்சா கேக்கணும்னு இருந்தேன், என்னை மன்னிச்சுட்டியான்னு. எந்திரிச்சான். பசிக்குதுன்னான். ரொட்டி எடுத்துக் கொடுத்தேன்."

இன்னும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள்.